தண்டவாளம் யாருக்குச் சொந்தமா இருக்கணும்?

ரயில்வேயை அரசாங்கமே வச்சுக்கணுமா இல்ல தனியாருக்கு விட்டுடலாமான்னு பேச ஆரம்பிச்சா பத்து நிமிஷம் கூட ஆகாது, அது கட்சிச் சண்டையா மாறிடும். ஒருத்தர் கவர்மெண்ட்னாலே நஷ்டம்தான்னு சொல்வார், இன்னொருத்தர் தனியார்னாலே கொள்ளைன்னு சொல்வார், முதல் ஆள் ஜப்பானைக் காட்டுவார், ரெண்டாவது ஆள் பிரிட்டனைக் காட்டுவார், அத்தோட ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துலயே நிப்பாங்க. இந்த நாடுகள்ல உண்மையிலேயே என்ன நடந்துச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எந்தப் பக்கத்துக்கும் முழு வெற்றி கிடையாது. ஆனா ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. சொந்தக்காரன் யாரா இருந்தாலும் பணம் பத்தலைன்னா முதல்ல கத்திரி விழுறது வெளியில தெரியாத வேலை மேலதான், அதாவது தண்டவாளத்தைப் பாத்துக்கிற வேலை மேல. எந்த ஏற்பாட்டுல அந்தக் கத்திரியைத் தடுக்க முடியும்ங்கிறதை வச்சுதான் நான் ஒவ்வொரு வழியையும் எடை போடுறேன்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். ரயில்வேன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுறோம், உள்ள பாத்தா ரெண்டு தனித்தனி சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு நிலத்தோட ஒட்டிக்கிடக்குறது: தண்டவாளம், ஜல்லி, பாலம், சுரங்கப்பாதை, சிக்னல், ஸ்டேஷன். இன்னொண்ணு அது மேல ஓடுறது: என்ஜின், பெட்டி, டிரைவர், டிக்கெட், சரக்கு. ஓடுறதை வேணாம்னா விக்கலாம், வேற ரூட்டுக்கு மாத்தலாம், வாடகைக்கு விடலாம். நிலத்துல போட்டதை ஒண்ணும் பண்ண முடியாது, மலையைக் குடைஞ்ச காசு மலைக்குள்ளயே போயிடுச்சு. அதனால ரெண்டு ஊருக்கு நடுவுல ஒரு லைன் போட்டாச்சுன்னா அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு கம்பெனி இன்னொரு லைன் போட்டுப் போட்டி போடுறது பெரும்பாலும் வீண் செலவுதான். பிரிட்டன் அதையும் செஞ்சு பாத்துடுச்சு, 1840கள்ல ரயில் கம்பெனி பங்கு வாங்குறது ஒரு வெறியாவே இருந்துச்சு, 1846ல மட்டும் 250க்கு மேல ரயில் சட்டங்களை பார்லிமெண்ட் நிறைவேத்துச்சு, அதுல கணிசமான லைன் கடைசி வரைக்கும் போடவே இல்ல, சேமிப்பு மொத்தத்தையும் அதுல போட்டு இழந்த குடும்பம் ஏராளம். தப்பிப் பிழைச்ச கம்பெனிகளும் ஒண்ணை ஒண்ணு விழுங்கிக்கிட்டே வந்து, கடைசியில 1923ல அரசாங்கமே சட்டம் போட்டு மிச்சம் இருந்த நூத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை நாலு பெரிய கம்பெனியா சேர்த்துச்சு. ஆக தண்டவாளத்தைப் பொறுத்தவரைக்கும் போட்டிங்கிறது பேருக்குத்தான், எப்படியும் ஒருத்தர் கையிலதான் போய் நிக்கும், அந்த ஒருத்தர் யாருங்கிறதுதான் கேள்வி.

அந்தத் தண்டவாளம் எப்படிப் பழுதாகுதுன்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கணும், ஏன்னா மொத்த விவகாரமும் அங்கதான் இருக்கு. சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கிற இடம் ஒரு சின்ன நாணயம் அளவுதான், பல டன் எடை அந்த இடம் வழியாத்தான் கீழ இறங்குது. வளைவுல வெளிப்பக்கத் தண்டவாளத்தோட உள்மூலையில சக்கரம் உரசி உரசி தலைமுடி மாதிரி மெல்லிசா விரிசல் விழும், ஒண்ணு ரெண்டு இல்ல, மீன் செதில் மாதிரி வரிசையா விழும். மேலாக்க இருக்குறப்பவே மெஷின் வச்சு அரைச்சு எடுத்துட்டா பிரச்சனை அங்கயே முடிஞ்சுது. விட்டுட்டா விரிசல் கீழ்ப்பக்கமா இறங்கும், ஒரு கட்டத்துக்கு மேல வெளியில இருந்து பாத்தா எவ்வளவு ஆழம் போயிருக்குன்னே சொல்ல முடியாது. ஜல்லியும் அப்படித்தான், ரயில் அதிர அதிர அது நொறுங்கித் தூளாகி மண்ணோட கலந்து தண்ணி வடியாம நிக்கும், அப்புறம் சிலிப்பர் கட்டை ஆட ஆரம்பிக்கும், கட்டை ஆடினா தண்டவாளத்தைக் கட்டையோட பிடிச்சிருக்குற சாவி கழலும். கேங்மேன் லைன் நெடுக நடந்து போய்ப் பாக்குறது, அல்ட்ராசவுண்ட் வண்டி விடுறது, அரைக்கிறது, ஜல்லி சலிக்கிறது எல்லாம் இதுக்காகத்தான். இப்ப யோசிச்சுப் பாருங்க, இந்த வேலைகளை ஒரு வருஷம் பாதியாக் குறைச்சா கணக்குப் புத்தகத்துல அது மிச்சம் பிடிச்ச மாதிரி தெரியும், ரயில் வழக்கம்போல ஓடும், பயணிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அடுத்த வருஷமும் தெரியாது, அதுக்கு அடுத்த வருஷமும் தெரியாம போகலாம். செலவைக் குறைச்ச ஆளு அதுக்குள்ள மந்திரி பதவியில இருந்தோ சேர்மன் பதவியில இருந்தோ இறங்கியிருப்பார்.

சரி, அரசாங்கம் வச்சிருந்தா என்ன நல்லது? டிக்கெட்ல வராத லாபத்தைக் கணக்குல எடுத்துக்க முடியும், இதுதான் முதல் நல்லது, என்னைக் கேட்டா இதுதான் பெருசும் கூட. ஒரு லைன் வந்ததும் அந்தப் பக்கம் நிலத்தோட மதிப்பு ஏறுது, ரோட்டுல நெரிசல் குறையுது, வேலைக்குப் போக முடியாதவன் போக முடியுது, ஆனா இது எதுக்கும் ரயில் கம்பெனி யார்கிட்டயும் டிக்கெட் போட முடியாது. தனியார் கணக்குல நஷ்டம்னு தெரியுற லைன் நாட்டோட கணக்குல லாபமா இருக்கலாம். அரசாங்கத்துக்குக் கடனும் குறைஞ்ச வட்டிக்குக் கிடைக்கும், அம்பது அறுபது வருஷம் நிக்கிற பாலத்துக்கு வட்டியில ஒரு சதவீத வித்தியாசம்னாலே பெரிய தொகை.

ரெண்டாவது, மொத்த நெட்வொர்க்கையும் ஒரே வலையா நினைச்சுத் திட்டம் போடலாம். சுவிட்சர்லாந்து இதுக்கு நல்ல உதாரணம். 1898ல மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடத்தி பெரிய தனியார் கம்பெனிகளை வாங்கினாங்க, 1902ல இருந்து அரசு ரயில்வே ஓடுது. 1982ல நாடு முழுக்க ஒரே தாளத்துல ஓடுற டைம்டேபிள் கொண்டுவந்தாங்க, அதாவது ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிஷத்துல ரயில் வரும், பெரிய ஜங்ஷன்ல பல திசையில இருந்து வர்ற ரயில் எல்லாம் மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்து நின்னு, ஆளுங்க மாறி ஏறினதும் கொஞ்ச நேரத்துல கிளம்பிடும், வெளியில பஸ்ஸும் அதே கணக்குல நிக்கும். அப்புறம் புது லைன் போடுறப்பவும் எவ்வளவு வேகமாப் போக முடியும்னு பாக்காம, இந்த ஜங்ஷனுக்கு அந்த நேரத்துக்குள்ள போய்ச் சேர எவ்வளவு வேகம் வேணும்னு கணக்குப் போட்டுத்தான் கட்டினாங்க. அங்கயும் மாநில அரசுகளுக்குச் சொந்தமான கம்பெனிகள், சின்னச் சின்ன தனிக் கம்பெனிகள் எல்லாம் ஓடுது, ஆனா டைம்டேபிள் ஒண்ணுதான், டிக்கெட் ஒண்ணுதான். பத்து பேர் மட்டும் ஏறுற கிளை லைன் தனியா பாத்தா நஷ்டம், ஆனா அந்தப் பத்து பேரும் மெயின் லைன்ல நூறு கிலோமீட்டர் போறாங்கன்னா கிளையை வெட்டினா மரமும் வாடும். இந்தக் கணக்கு ஒரே ஆள் மொத்தத்தையும் பாத்தாத்தான் தெரியும்.

பாதுகாப்பும் வசதியும் ஏழைக்கும் சேரணும்ங்கிறதுக்கு அரசாங்கம் சொந்தக்காரனாவே இருக்கணும்னு கட்டாயம் இல்ல, இதையும் சொல்லிடணும். பிரிட்டன்ல ஆரம்பத்துல மூணாம் வகுப்புன்னா கூரை இல்லாத தொட்டி மாதிரி வண்டிதான், சரக்கு ரயிலோட சேர்த்து இழுப்பாங்க, 1841 டிசம்பர்ல அப்படி ஒரு ரயில் சரிஞ்சு விழுந்த மண்ணுல மோதி, தொட்டியில உக்காந்திருந்த தொழிலாளிங்க தூக்கி எறியப்பட்டு 9 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் 1844ல வந்த சட்டம், தினம் ஒரு ரயிலாவது எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கணும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல வாங்கக்கூடாது, பெட்டிக்குக் கூரை இருக்கணும்னு தனியார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துச்சு. சொந்தக்காரனா இல்லாமலே அரசாங்கம் நல்லது செய்ய முடியும்ங்கிறதுக்கு இது சாட்சி, கேள்வி கேக்குற அதிகாரமும் அதைப் பயன்படுத்துற மனசும் இருக்கணும், அவ்வளவுதான்.

இப்ப அரசாங்கத்தோட கெட்ட பக்கம். ஜப்பான்காரங்ககிட்ட ஒரு பழமொழி இருக்கு, தன் வயலுக்கு மட்டும் தண்ணி பாய்ச்சிக்கிறதுன்னு, அதையே கொஞ்சம் மாத்தி "தன் வயலுக்கு ரயில் பாய்ச்சிக்கிறது"ன்னு அரசியல்வாதிங்களைச் சொல்வாங்க. ஓட்டுக்காகத் தொகுதிக்குத் தொகுதி லைன் கேட்டு வாங்கினாங்க, ஆள் இருக்கா, சரக்கு இருக்கான்னு யாரும் பாக்கலை. கட்டணம் ஏத்துறதுக்குப் பார்லிமெண்ட் சம்மதிக்கணும், தேர்தல் வருதுன்னா யாரு சம்மதிப்பா? புல்லட் ரயில் ஓட ஆரம்பிச்ச அதே 1964லதான் ஜப்பான் அரசு ரயில்வே நஷ்டத்துல விழுந்துச்சு, விழுந்தது எழுந்திரிக்கவே இல்ல. 1987ல அதைத் தனியார்மயமாக்கப் பல கம்பெனியாப் பிரிக்கிறப்ப கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். அதுல பெரும் பகுதி கடைசியில மக்கள் வரிப்பணத்துலதான் வந்து விழுந்துச்சு. கட்டணத்தை ஏத்தாம வச்சிருந்தது மக்களுக்குச் செஞ்ச உதவின்னு அன்னைக்கு நினைச்சிருப்பாங்க, வட்டியோட சேர்த்து அதே மக்களோட பிள்ளைங்க கட்டினாங்க.

அரசாங்கம் கையில இருந்தா சின்ன ஊர் லைனை மூட மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதுவும் நிக்காது. பிரிட்டன்ல 1948ல ரயில்வே தேசியமயம் ஆச்சு, 1963ல ரயில்வே சேர்மன் பீச்சிங்கோட அறிக்கை வந்தப்ப முழுக்க அரசாங்கம்தான் முதலாளி, அந்த அறிக்கைதான் 2,000க்கு மேல ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் லைனையும் மூடச் சொல்லுச்சு, பெரும்பகுதி மூடவும் செஞ்சாங்க, லைனைப் பேத்து நிலத்தை வித்துட்டதால பின்னாடி வேணும்னு தோணினப்ப சில இடத்துல திரும்பப் போடக்கூட வழி இல்ல.

அதை விட எனக்கு மனசைப் பிசையுறது 1988 டிசம்பர் 12ல லண்டன் கிளாப்ஹாம் ஜங்ஷன் பக்கத்துல நடந்தது. காலையில வேலைக்குப் போற கூட்டம், சிக்னல் தப்பா பச்சை காட்டினதால ஒரு ரயில் நின்னுக்கிட்டிருந்த இன்னொரு ரயில் பின்னால போய் மோதுச்சு, 35 பேர் செத்தாங்க. விசாரணையில தெரிஞ்சது என்னன்னா, புது சிக்னல் வயர் போட்ட டெக்னீஷியன் பழைய வயரை வெட்டி எடுக்காம விட்டுட்டார், அது ஆடிப் போய்த் தொடக்கூடாத இடத்தைத் தொட்டுடுச்சு. அந்த மனுஷன் அதுக்கு முன்னாடி 13 வாரத்துல ஒரே ஒரு நாள்தான் லீவு எடுத்திருந்தார். அவர் செஞ்ச வேலையை இன்னொருத்தர் சரிபார்த்திருக்கணும், அதையும் யாரும் ஒழுங்கா செய்யலை. இது அரசாங்க ரயில்வே. பங்குதாரர் கிடையாது, டிவிடெண்ட் கிடையாது, லாப வெறின்னு சொல்ல ஆள் கிடையாது. ஆள் பத்தாக்குறையும் அவசரமும் மட்டும் இருந்துச்சு.

12 வருஷம் கழிச்சு அதே நாட்டுல தனியார் கையில என்ன நடந்துச்சுன்னு இதுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்கணும். 1990கள்ல பிரிட்டிஷ் ரயில்வேயைத் துண்டு துண்டா வித்தாங்க, தண்டவாளமும் சிக்னலும் ரெயில்டிராக்னு ஒரு கம்பெனிக்கு, ரயில் ஓட்டுறது இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு, பெட்டிகள் வாடகைக்கு விடுற வேற கம்பெனிகளுக்கு. ரெயில்டிராக் தண்டவாளப் பராமரிப்பைக் கான்டிராக்டர்கிட்ட விட்டுச்சு, உள்ள இருந்த அனுபவமுள்ள இன்ஜினியர்ங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. 2000 அக்டோபர் 17ல ஹாட்ஃபீல்டு பக்கத்துல ஒரு வளைவுல வேகமா வந்த ரயில் தடம் புரண்டு 4 பேர் செத்தாங்க. நான் மேல சொன்ன அதே மீன் செதில் விரிசல்தான், தண்டவாளம் 300க்கும் மேல துண்டா நொறுங்கிக் கிடந்துச்சு. அந்த இடம் மோசமா இருக்குன்னு முன்னாடியே தெரியும், மாத்துறதுக்குப் புது தண்டவாளமும் ஏற்பாடு ஆகியிருந்துச்சு, மாத்தத்தான் இல்ல. அதுக்கப்புறம் நடந்தது இன்னும் யோசிக்க வைக்குது: நாடு முழுக்க எங்கெங்க இதே மாதிரி விரிசல் இருக்குன்னு கம்பெனிக்கே சரியாத் தெரியலை, ஏன்னா தன் சொத்தோட முழுப் பதிவேடே அவங்ககிட்ட ஒழுங்கா இல்ல, அதனால பயந்துபோய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடத்துல வேகத்தைக் குறைச்சு, மொத்த நாட்டோட ரயில் போக்குவரத்தும் மாசக்கணக்குல நொண்டுச்சு. அரசாங்கத்துகிட்ட பணம் கேட்டு வாங்கின அதே 2001ல பங்குதாரர்களுக்கு டிவிடெண்டும் கொடுத்தாங்க. அந்த அக்டோபர்ல கம்பெனி திவாலாச்சு, 2002ல இருந்து தண்டவாளம் நெட்வொர்க் ரெயில்னு லாப நோக்கம் இல்லாத அமைப்புக்குப் போச்சு, இப்ப அது அரசாங்கத்தோடதுதான்.

கிளாப்ஹாமும் ஹாட்ஃபீல்டும் ஒரே வியாதி. ஒண்ணுல வருஷா வருஷம் பட்ஜெட் கேட்டு நிக்கிற நிர்வாகம், இன்னொண்ணுல பங்கு விலையைப் பாத்து நிக்கிற நிர்வாகம், ரெண்டுலயும் கடைசியில மாட்டினது வயரும் தண்டவாளமும்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. பணம் போய்ச் சேர்ற இடம். நஷ்டம் வந்தா தண்டவாளத்தை யாரும் மூடி வச்சுட்டுப் போக முடியாது, நாடு நின்னுபோகும், அதனால அரசாங்கம் எப்படியும் வந்து தாங்கிப் பிடிக்கும்னு தனியார் முதலாளிக்கு முதல் நாளே தெரியும். லாபம் வந்தா எனக்கு, நஷ்டம் வந்தா உனக்குங்கிற ஏற்பாடு அது. இந்தியாவுல ரயில்வே ஆரம்பிச்சதே அப்படித்தான், 1849ல போட்ட ஒப்பந்தப்படி இங்கிலாந்து கம்பெனிகள் போடுற முதலுக்கு 5 சதவீத வருமானம் உறுதின்னு அரசாங்கம் எழுதிக் கொடுத்துச்சு, லைன்ல வருமானம் குறைஞ்சா இந்திய வரிப்பணத்துல இருந்து ஈடு கட்டணும். அப்படி ஒரு உத்தரவாதம் இருந்தா சிக்கனமாக் கட்டணும்னு எவனுக்குத் தோணும், செலவு ஏற ஏற உறுதியான வருமானமும்தானே ஏறும். நியூசிலாந்து 1993ல ரயில்வேயை மொத்தமா வித்துச்சு, வாங்கினவங்க பராமரிப்பை இழுத்தடிச்சதுல லைன் தேய்ஞ்சு போச்சு, 2004ல அரசாங்கம் தண்டவாளத்தை ஒரே ஒரு டாலருக்குத் திரும்ப வாங்குச்சு. ஒரு டாலர்னா மலிவு மாதிரி கேக்கும், கூடவே வந்த ரிப்பேர் செலவுதான் உண்மையான விலை. 2008ல ஓடுற ரயிலையும் சேர்த்து வாங்கிட்டாங்க.

அர்ஜென்டினாவுல 2012 பிப்ரவரி 22ல ஓன்ஸே ஸ்டேஷன்ல ரயில் நிக்காம பிளாட்ஃபார முட்டுல மோதி 51 பேர் செத்தப்பவும் இதே கேள்விதான், ஓட்டினது தனியார், மானியம் அரசாங்கத்தோடது. கோர்ட் கம்பெனி ஆளுங்களையும் தண்டிச்சுது, கண்காணிக்க வேண்டிய முன்னாள் போக்குவரத்துச் செயலாளர்களையும் தண்டிச்சுது, எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்ப நியாயமாப் படுது.

இவ்வளவு சொன்னதால தனியார்னா வேஸ்ட்னு முடிவு கட்டிட முடியாது. ஜப்பான்ல 1987ல பிரிச்சதுக்கு அப்புறம் டோக்கியோ, ஒசாகா பக்கத்துக் கம்பெனிகள் லாபத்துக்கு வந்துச்சு, கடைசி காலத்துல கிட்டத்தட்ட வருஷா வருஷம் கட்டணம் ஏத்தின அரசு ரயில்வே போய், கிழக்கு ஜப்பான் கம்பெனி விற்பனை வரியைத் தவிர அடிப்படைக் கட்டணத்தைப் பல பத்து வருஷம் ஏத்தவே இல்ல. ரகசியம் என்னன்னா அங்க தண்டவாளமும் ரயிலும் ஒரே கம்பெனிகிட்ட இருக்கு, சக்கரம் தேய்ஞ்சாலும் தண்டவாளம் தேய்ஞ்சாலும் அவங்க பாக்கெட்தான், அதனால ஒருத்தரை ஒருத்தர் கை காட்ட முடியாது. ஸ்டேஷனைச் சுத்திக் கடையும் கட்டடமும் கட்டி வருமானம் பாக்குறாங்க, நிலத்தோட மதிப்பு ஏறுறது டிக்கெட்ல வராதுன்னு மேல சொன்னேனே, அதை இந்த வழியில வசூல் பண்றாங்க. ஹாங்காங் மெட்ரோவும் இந்த வழிதான், ஆனா அதுல சுமார் முக்கால் பங்கு அரசாங்கத்தோடது.

அதே ஜப்பானோட மறுபக்கம் ஹொக்கைடோ. பனி கொட்டுற, ஆள் குறைஞ்ச தீவு, அங்க கொடுத்த கம்பெனியால கடைசி வரைக்கும் சொந்தக் கால்ல நிக்க முடியலை, பங்கை யாரும் வாங்க வரலை, இன்னைக்கும் அரசாங்கத்து கையிலதான் இருக்கு. 2013ல அவங்க ஆளுங்க தண்டவாள அளவுகளையே பொய்யா எழுதி வச்சிருந்தது வெளியில வந்துச்சு, ரிப்பேர் பண்ணப் பணமும் ஆளும் இல்லாதப்ப பேனாவை வச்சு ரிப்பேர் பண்ணியிருக்காங்க. 2016ல எங்க லைன்ல பாதியை எங்களால தனியாப் பாத்துக்க முடியாதுன்னு அவங்களே அறிவிச்சாங்க. கூட்டம் உள்ள இடத்துல தனியார் ஜெயிக்கும், கூட்டம் இல்லாத இடத்துல யார் பேரை எழுதி வச்சாலும் பணம் பொதுப்பணமாத்தான் வந்தாகணும். லாபத்துல ஓடுற மேற்கு ஜப்பான் கம்பெனியிலயும் 2005 ஏப்ரல் 25ல அமாகசாகியில 107 பேர் செத்தாங்க, ரயில் ஒண்ணரை நிமிஷம் கூட லேட் ஆகலை, லேட்டானா அவமானப்படுத்துற தண்டனைப் பயிற்சிக்கு அனுப்புவாங்கங்கிற பயத்துல டிரைவர் வளைவுல வேகத்தைக் குறைக்காம விட்டுட்டார்.

சரக்குன்னு வந்தா அமெரிக்காவைப் பாக்கணும். அங்க தண்டவாளமே தனியாரோடது, 1980ல கட்டுப்பாட்டைத் தளர்த்தினதுக்கு அப்புறம் சரக்குக் கட்டணம் விலைவாசியைக் கழிச்சுப் பாத்தா நல்லாவே குறைஞ்சுது, கம்பெனிகளும் தங்க சொந்தக் காசைத் தண்டவாளத்துல போடுறாங்க. ஆனா பயணிகள் ரயில் நொண்டிதான். 1971ல அரசாங்கம் ஆம்டிராக் ஆரம்பிச்சு ஓட்டுது, பெரும்பாலான தூரம் ஓடுறது சரக்குக் கம்பெனியோட லைன்ல, பயணிகள் ரயிலுக்குத்தான் முன்னுரிமைன்னு சட்டம் இருக்கு, ஆனா சரக்கு ரயிலை நீளமாக்கிக்கிட்டே போறாங்க, ஒதுங்கி நிக்கிற லூப் லைன்ல அது அடங்காது, அப்ப ஒதுங்கி நிக்கப் போறது யாரு? பயணிங்கதான்.

பிரிட்டன் மாதிரி தண்டவாளம் ஒருத்தர், ரயில் இன்னொருத்தர்னு பிரிச்சு, ரூட்டை ஏலம் விடுற வழி காகிதத்துல ரொம்ப நல்லா இருக்கும். பயணிகள் எண்ணிக்கை ஏறுச்சுங்கிறது உண்மை, 1990கள் நடுவுல வருஷத்துக்கு சுமார் 73 கோடி பயணம்னா 2018-19ல 170 கோடிக்கு மேல, இதுல தனியாருக்கு எவ்வளவு பங்கு, லண்டன்ல வேலைவாய்ப்பு பெருகினதுக்கு எவ்வளவு பங்குன்னு இன்னும் சண்டை போடுறாங்க. ஆனா ஒரு ரயில் லேட்டானா யாரால லேட்டுன்னு தீர்மானிச்சு ஒருத்தருக்கொருத்தர் பணம் கட்டுறதுக்குன்னே நூத்துக்கணக்கான ஆளுங்களை வேலைக்கு வச்சாங்க. ஏலத்துல அதிகமாக் கேட்டவங்க கட்ட முடியாம விட்டுட்டுப் போறதும் நடந்துச்சு, லண்டன் எடின்பரோ கிழக்குக் கரை ரூட்டை 2009லயும் 2018லயும் அரசாங்கமே திரும்ப எடுத்து ஓட்ட வேண்டியதாச்சு. வாங்கின தனியார்னு சொன்னதுல பலது ஜெர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ் அரசு ரயில்வேகளோட கிளைக் கம்பெனிகள், அதாவது பிரிட்டன் அரசாங்கத்துக்கு ரயில் ஓட்டத் தெரியாது, பக்கத்து நாட்டு அரசாங்கத்துக்குத் தெரியும்னு ஆயிடுச்சு. கடைசியில 2024ல சட்டம் போட்டு, ஒப்பந்தம் முடிய முடிய ஒவ்வொண்ணா அரசு கைக்கு எடுத்துக்கிட்டு வர்றாங்க.

இத்தாலி, ஸ்பெயின் செஞ்ச கலப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. அதிவேகத் தண்டவாளம் அரசு அமைப்போடது, அதுமேல அரசு ரயிலும் ஓடும், வேற கம்பெனி ரயிலும் வாடகை கட்டி ஓடும். இத்தாலியில 2012ல இட்டாலோங்கிற தனியார் ரயில் வந்தப்புறமும் ஸ்பெயின்ல 2021க்கு அப்புறமும் டிக்கெட் விலை இறங்குச்சு, ரயிலும் கூடுச்சு. ஆனா அவங்க வர்றது மிலான் ரோம், மாட்ரிட் பார்சலோனா மாதிரி கூட்டம் அள்ளுற ரூட்டுக்குத்தான், கிளை லைனுக்கு யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க.

அப்ப அரசாங்கம் முதலாளியா இருந்து கம்பெனி மாதிரி நடத்தினா? ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் பேருக்கு ஒரே மாதிரிதான், ரெண்டும் 100 சதவீதம் அரசாங்கத்துக்குச் சொந்தமான பங்குக் கம்பெனி. ஜெர்மனி 1994ல கம்பெனியாக்குச்சு, பங்குச் சந்தையில விக்கப் போறோம்னு சொல்லி லாபம் காட்டுறதுக்காகப் பல வருஷம் தண்டவாளத்துலயும் சிக்னல் கேபின்லயும் செலவை இறுக்கிப் பிடிச்சாங்க, 2008ல உலகப் பொருளாதாரம் விழுந்ததால விக்கவும் இல்ல. விளைவு, 2024ல தூர ரயில்கள்ல 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்துச்சு, 6 நிமிஷத்துக்குள்ள லேட்டானதை நேரத்துக்கு வந்ததாச் சேர்த்துமே அவ்வளவுதான், ரொம்ப பிஸியான ஒரு லைனை அஞ்சு மாசம் மொத்தமா மூடிப் புதுசாப் போட வேண்டியதாச்சு. சுவிட்சர்லாந்துல 2014ல மறுபடி ஓட்டெடுப்பு நடத்தி, ரயில் கட்டமைப்புக்குன்னு காலவரம்பு இல்லாத தனி நிதி அமைச்சாங்க, 2016ல இருந்து நடக்குது, நாலு வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம், இவ்வளவு பணம், இவ்வளவு வேலைன்னு எழுதி வச்சிடுறாங்க. எந்த மந்திரியும் நினைச்சா நினைச்ச நேரத்துல அதுல கை வைக்க முடியாது. முதலாளி ஒரே மாதிரி, பணத்துக்குப் போட்ட பூட்டுதான் வேற.

அதனால என்னோட முடிவு இது. பயணிகள் அதிகம் போற நாட்டுல தண்டவாளமும் சிக்னலும் அரசாங்கத்தோடதாத்தான் இருக்கணும், அதுக்கான பராமரிப்புப் பணம் வருஷ பட்ஜெட்டோட கலக்காம, பல வருஷ ஒப்பந்தத்துல தனியாப் பூட்டி இருக்கணும். ரயில் ஓட்டுறதுல கூட்டமான தூர ரூட்டுகளைப் போட்டிக்குத் திறந்து விடலாம், அதுல வர்ற தண்டவாள வாடகை கிளை லைனுக்குப் போகட்டும். நகரத்து லோக்கல் ரயிலையும் கிளை லைனையும் ஏலம் விட்டு விளையாடாம பொது நிறுவனமே ஓட்டினா நல்லது, நஷ்டம் வர்ற ரயில் வேணும்னு கேக்குற மந்திரி அதுக்கான காசையும் எழுத்துல கொடுக்கணும், ரயில்வே கணக்குல ஒளிச்சு வைக்கக் கூடாது. முக்கியமா சரக்கு மட்டும் ஓடுற, ஊருக்கு ஊர் வெகு தூரமா இருக்குற நாடுன்னா அமெரிக்கா மாதிரி தண்டவாளத்தோட சேர்த்துத் தனியாரே வச்சுக்கிறது தப்பில்ல, சரக்கு அனுப்புறவருக்கு லாரின்னு ஒரு மாற்று இருக்குறவரைக்கும். விபத்தை விசாரிக்கிறவங்க மட்டும் எந்த ஏற்பாட்டுலயும் முதலாளிக்குக் கீழ வேலை பாக்கக் கூடாது, அந்த முதலாளி அரசாங்கமா இருந்தாலும் சரி.

ஒரு நாடு ரயில்வேயை விக்கப் போகுதுன்னாலும் சரி, திரும்ப வாங்கப் போகுதுன்னாலும் சரி, விலை பேச உக்கார்ற முதல் நாளே மேசை மேல வைக்கச் சொல்ல வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான்: எந்தக் கிலோமீட்டர்ல எந்த வருஷம் போட்ட தண்டவாளம் கிடக்கு, கடைசியா எப்ப அரைச்சாங்க, ஜல்லி எப்ப சலிச்சாங்க, எந்தெந்த வளைவுல வேகம் குறைச்சு ஓடுது. ரெயில்டிராக்கிட்ட அது ஒழுங்கா இருந்திருந்தா ஹாட்ஃபீல்டுக்கு அப்புறம் மொத்த நாட்டையும் நொண்ட விடாம, மோசமான வளைவுகளை மட்டும் மூடிட்டு ஆள் அனுப்பியிருப்பாங்க.